எபிசோட் 37: தரைக்கு அடியில ஒரு தரை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

போன எபிசோட்ல ஒரு மாசம் பிரேக் எடுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனேன். ஏன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேலை போகல, கல்யாணம் ஆகல. தரை போட்டுட்டு இருந்தேன்.

நிஜமாத்தான். எங்க அக்காவும் அத்தானும் அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல, ஒலிம்பியாவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன மனை வாங்கி வீடு கட்டுறாங்க. ரெண்டு பேர் சம்பளத்துல காண்ட்ராக்டருக்கு முழு வேலையும் குடுக்க முடியாது. அதனால அஸ்திவாரம், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் ஆள். மிச்சம் அத்தான், அக்கா, அப்புறம் சியாட்டில்ல இருந்து வீக்கெண்ட்ல காரை எடுத்துட்டுப் போற நான். எங்களுக்குச் சொல்லிக்குடுக்க பக்கத்து மனைக்காரர் ஒருத்தர் கிடைச்சார். எழுபது வயசு தாண்டின ரிட்டயர்டு தச்சர். அவரை நாங்க பெரியவர்னுதான் சொல்லுவோம், இங்கயும் அப்படியே சொல்றேன்.

என் பங்குக்கு வந்தது சப்ஃப்ளோர். நம்ம ஊர்ல இதுக்குத் தனிப் பேர் கிடையாது, ஏன்னா அந்தத் தேவையே கிடையாது. நமக்குத் தரைன்னா கான்கிரீட், அதுமேல டைல்ஸ். அங்க வீட்டோட எலும்பே மரம். தரைக்கு அடியில குனிஞ்சு தவழ்ந்து போற அளவுக்கு ஒரு வெற்றிடம் விடுறாங்க, கிரால் ஸ்பேஸ்னு பேர். அதுமேல 16 இஞ்சுக்கு ஒண்ணா நீளமான மரக்கட்டைகள் ஓடும், நம்ம பழைய மச்சு வீட்டு உத்திரம் மாதிரி. அதுதான் ஜாய்ஸ்ட். அந்த ஜாய்ஸ்ட் மேல பிளைவுட் ஷீட்டை ஒட்டி, ஸ்க்ரூ அடிச்சா அது சப்ஃப்ளோர். நீங்க நடக்கிற டைலோ மரமோ அதுக்கு மேலதான் வரும்.

இதை வீடியோ கால்ல எங்க அப்பாகிட்ட காட்டினோம். அப்பா திருநெல்வேலியில கொத்தனாரா ஆரம்பிச்சு, இப்போ சின்னச் சின்ன வீடு காண்ட்ராக்ட் எடுக்கிறவர். ஷீட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏலே, அது சென்ட்ரிங் பலகைல்லாலே? கான்கிரீட் போட்டுட்டுக் கழட்டிப் போடுத சாமான். அதுமேலயா குடியிருக்கப் போறீய?”

அவருக்குப் பதில் சொல்றதுக்காகவே நான் பிளைவுட் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்னு சொல்லலாம். மரத்தை நீங்க பார்த்திருப்பீங்க, ரேகை ஓடுற திசையில பலம் அதிகம், குறுக்கே லேசாப் பிளந்துடும். பிளைவுட்ல மரத்தை மெல்லிசா உரிச்சு, ஒரு தாளோட ரேகைக்குக் குறுக்கா அடுத்த தாளோட ரேகை வர்ற மாதிரி அடுக்கி ஒட்டுறாங்க. மேல் தாளும் அடித் தாளும் ஒரே திசையில வரணும்னு அடுக்குகளை ஒத்தைப்படையில வைப்பாங்க. இந்தத் தொழிலுக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. 1905-ல போர்ட்லாண்ட்ல நடந்த பொருட்காட்சியில டக்ளஸ் ஃபர் மரத்துல செஞ்ச பிளைவுட்டைக் கொண்டு வந்து வச்சாங்க. அக்கா மனையில இருந்து போர்ட்லாண்ட் ரெண்டு மணி நேரம்தான். அமெரிக்க பிளைவுட்ல தர முத்திரை குத்துற ஏ.பி.ஏ. சங்கத்தோட தலைமையகம் டகோமாவுல, அது இன்னும் பக்கம்.

சரி, வேலைக்கு வர்றேன். எங்களது 4 அடிக்கு 8 அடி ஷீட், முக்கால் இஞ்சு கனம்னு சொல்றது, அளந்தா 23/32 இஞ்சு. ஒண்ணு சுமார் 30 கிலோ. மொத்தம் நாப்பது ஷீட். நீளமான ரெண்டு பக்கத்துல ஒண்ணுல நாக்கு, இன்னொண்ணுல காடி இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கும்.

முதல் வரிசைதான் எல்லாம். வெளிப்பக்க ஓரத்துல இருந்து ஒரு ஷீட் அகலத்துக்கு உள்ளே தள்ளி, ஜாய்ஸ்ட் எல்லாத்துக்கும் குறுக்கா சாக்பீஸ் நூல் அடிக்கணும். சுவர் ஓரத்தை நம்பி வச்சா அவ்வளவுதான், ஓரம் கொஞ்சம் கோணலா இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் அந்தக் கோணல் கூடவே வரும். அப்பா அன்னைக்குக் கால்ல கேட்ட ரெண்டாவது கேள்வியே “நூல் புடிச்சியாலே?”தான். முதல் வரிசையோட நாக்குப் பக்கத்தை வெளியே, சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கணும். அப்போதான் அடுத்த வரிசையைச் சொருகும்போது சம்மட்டி அடி காடிப் பக்கம் விழும், நாக்கு நசுங்காது. அதுவும் நேரா ஷீட்ல அடிக்கக் கூடாது, நடுவுல ஒரு கட்டை வச்சு அதுமேல அடிக்கணும்.

ஷீட்டைக் கிடத்துறதுக்கு முன்னாடி ஜாய்ஸ்ட் மேல க்ளூ. கால் இஞ்சு தடிமன்ல விட்டுப் போகாம ஒரே கோடு. ரெண்டு ஷீட்டோட முனை சேர்ற ஜாய்ஸ்ட்ல ரெண்டு கோடு. ஒரே நேரத்துல ரெண்டு ஷீட்டுக்கு மேல க்ளூ போடாதேன்னு பெரியவர் சொல்லிட்டே இருப்பார், காஞ்சு தோல் கட்டிட்டா ஒட்டாது. ஏன் இவ்வளவு க்ளூன்னா, அந்த ஊர் மர வீடுகள்ல நடந்தா தரை கிறீச் கிறீச்சுன்னு கத்தும், படத்துல கேட்டிருப்பீங்க. கட்டும்போது ஈரமா இருக்கிற ஜாய்ஸ்ட் பின்னாடி காஞ்சு சுருங்கும். ஷீட்டுக்கும் கட்டைக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விழும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஷீட் இறங்கி ஏறும், ஆணி மரத்துல உரசும். அந்த உரசல் சத்தம்தான் அது. க்ளூ அந்த இடைவெளியை விழ விடாது. கூடவே ஜாய்ஸ்டும் ஷீட்டும் ஒரே உறுப்பா சேர்ந்து வளையும், தனித்தனியா இருக்கிறதைவிட விறைப்பு அதிகம். அதுக்கு மேல ஸ்க்ரூ, நாங்க ஓரத்துல 6 இஞ்சுக்கு ஒண்ணு, நடுவுல 12 இஞ்சுக்கு ஒண்ணு அடிச்சோம்.

ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 1/8 இஞ்சு விடணும். எனக்கு இது மனசே வரல. ஒட்டி உக்காந்தாதானே அழகுன்னு தோணும். ஆனா மரம் ஈரத்தைக் குடிச்சு விரியும், விரிய இடம் இல்லேன்னா ரெண்டு ஓரமும் முட்டிக்கிட்டு மேல எழும்பும். அந்த ஊர்ல அக்டோபர்ல மழை ஆரம்பிச்சா நின்னுடுமேன்னு யாரும் காத்திருக்க மாட்டாங்க. கூரை வர்ற வரைக்கும் தரை நனையத்தான் போகுது. ஷீட்ல “எக்ஸ்போஷர் 1”னு முத்திரை இருக்கும். கட்டுமானக் காலத்து நனைச்சலைத் தாங்கும், நிரந்தரமா வெளியில கிடக்க அது ஆகாதுன்னு அர்த்தம். தண்ணி தேங்கற இடத்துல சின்ன ஓட்டை போட்டு வடிய விட்டோம். 1/8 இஞ்சுக்கு அளவுகோல் எல்லாம் வேண்டாம், நடுவுல ஒரு ஆணியை நிறுத்தி வச்சுட்டு ஷீட்டைத் தள்ளினா போதும்.

எல்லாத்துக்கும் மேல பெரியவர் முதல் நாளே சொன்ன விதி ஒண்ணு. ஷீட்டோட நீளம் ஜாய்ஸ்டுக்குக் குறுக்கா ஓடணும். எப்பவும். மேல் தாளோட ரேகை 8 அடி நீளத்துலதான் ஓடுது, பலம் அந்தத் திசையிலதான். ஷீட்ல “24”னு ஒரு எண் குத்தியிருப்பாங்க, ஜாய்ஸ்டுக்கு நடுவுல 24 இஞ்சு வரைக்கும் தாங்கும்னு. அந்த எண்ணே நீளத்தைக் குறுக்கா வச்சாதான் செல்லும்.

இனிமே நான் பண்ணின வேலையைச் சொல்றேன்.

மூணாவது ஞாயித்துக்கிழமை. பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். அத்தானுக்கு ஷிஃப்ட். அக்கா மதியத்துக்கு மேல கிளம்பிட்டா. கிச்சன் மூலை மட்டும் பாக்கி, ஜாய்ஸ்ட் ஓடுற திசையில 8 அடி, குறுக்கே 12 அடி. ஒழுங்காப் போட்டா ரெண்டு வரிசை, ஒவ்வொண்ணுலயும் ஒரு முழு ஷீட், ஒரு அரை ஷீட். இணைப்பு ஒரே ஜாய்ஸ்ட்ல வராம மாத்தி மாத்தி வைக்கணும், ஒரு ஷீட்டை வெட்டணும். மணி நாலரை, மழை தூற ஆரம்பிச்சிடுச்சு. தனியாளா 30 கிலோ ஷீட்டைத் தூக்கி வச்சு வெட்டணும்.

அப்போதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. மூணு ஷீட்டையும் திருப்பி, ஜாய்ஸ்ட் ஓடுற திசையிலயே வச்சா? மூணு நாலு பன்னிரண்டு. நீளம் 8 அடி. வெட்டவே வேண்டாம்! 16 இஞ்சு 48-லயும் மிச்சமில்லாம வகுபடுது, அப்போ ஓரமும் ஜாய்ஸ்ட் மேலதான் உக்காரும். எல்லாப் பக்கமும் தாங்கல் இருக்குல்ல, அப்புறம் என்ன?

விதி எனக்குத் தெரியாம இல்லை. அதை நான் இங்க மழுப்ப விரும்பல. தெரிஞ்சேதான், “இங்க மட்டும் பரவாயில்லை”ன்னு எனக்கு நானே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அதுலயும் ஷீட்டே என்னைத் தடுத்துச்சு. நாக்கு உள்ளே போயிடறதால எங்க ஷீட்டோட மேல் அகலம் 47½ இஞ்சுதான். வரிசையாப் போடும்போது அது பிரச்சினையே இல்லை. ஆனா நான் திருப்பி வச்சதும் முதல் ஓரம் ஜாய்ஸ்ட் நடுவுல இருந்து லேசா நகர்ந்துச்சு, இரண்டாவது ஓரம் ஜாய்ஸ்ட் விளிம்புல தொங்குச்சு. இந்த ஷீட் இப்படி வைக்கிறதுக்குச் செஞ்சதே இல்லைன்னு அது கத்துது. நான் ஜாய்ஸ்ட் பக்கத்துல ஒரு துண்டுக் கட்டையை ஸ்க்ரூ பண்ணி முட்டுக் குடுத்துட்டு அடுத்த ஷீட்டுக்குப் போயிட்டேன். ஏழு மணிக்கு வேலை முடிஞ்சுது. போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன். அக்கா ஆறு ஹார்ட் அனுப்பினா.

அன்னைக்கு ராத்திரி அங்கயே தங்கல். தூக்கம் வரல. அந்தக் கிச்சன்ல ரெண்டடிக்கு ரெண்டடி போர்சலின் டைல் போடறதா இருந்தாங்க, அக்கா ரெண்டு மாசமாத் தேடி எடுத்தது. டைலுக்கு வளைச்சலே ஆகாது. அந்த ஊர் கணக்குல டைல் போடற தரை, முழுப் பாரத்துல, நீளத்துல 360-ல ஒரு பங்குக்கு மேல தொய்யக் கூடாது. 14 அடி ஜாய்ஸ்ட்னா அரை இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மி. அது ஜாய்ஸ்டுக்கான கணக்கு, ஜாய்ஸ்ட் சரியாத்தான் இருக்கு. நான் கெடுத்தது ஜாய்ஸ்டுக்கு நடுவுல இருக்கிற அந்த 16 இஞ்சை. ஃப்ரிட்ஜ் அங்கதான் வரும். ஊர்ல இருந்து ஷிப்பிங்ல கொண்டு வந்த வெட் கிரைண்டரும் அங்கதான்.

எழுந்து போய் குப்பையில கிடந்த துண்டுகள்ல இருந்து ஒரே அகலத்துக்கு ரெண்டு பட்டை வெட்டினேன். ஒண்ணு ரேகை நீளவாக்குல, இன்னொண்ணு குறுக்குவாக்குல. ரெண்டு செங்கல்லை 16 இஞ்சு தள்ளி வச்சு ஒவ்வொண்ணா ஏறி நின்னேன். முதல் பட்டை அசைஞ்ச மாதிரியே தெரியல. ரெண்டாவது பட்டை, டார்ச் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இறங்கிச்சு. கனம் அதே, மரம் அதே, என் எடையும் அதேதான்.

வீடு இடிஞ்சு விழாது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அடித்தரை இன்ஸ்பெக்ஷன் முன்னாடியே முடிஞ்சாச்சு. மேல டைல் வந்துட்டா நான் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. மூணு வருஷம் கழிச்சு டைல் இணைப்புல ஒரு விரிசல் வந்தா டைல்காரரைத்தான் திட்டுவாங்க. இதைத்தான் விடியற வரைக்கும் யோசிச்சிட்டு இருந்தேன், ரொம்ப கேவலமா இருந்துச்சு. இன்னொரு பக்கம் க்ளூ காஞ்சுகிட்டே இருக்கு. சொல்றதுன்னா காலையிலயே சொல்லணும். புதன்கிழமை சொன்னா ஷீட்டோட ஜாய்ஸ்டும் பிய்ஞ்சு வரும்.

காலையில ஆறு மணிக்கு அக்காவுக்கு போன் பண்ணினேன். அவ ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், “எல, நேத்து போட்டோ போட்டியே, அப்பவே தெரியுமா உனக்கு?”ன்னு கேட்டா. தெரியும்னு சொன்னேன். “சரி, வாரேன்”னு வச்சுட்டா.

அத்தான் பிரிக்க வேண்டாம்னார். மேல இன்னொரு அரை இஞ்சு பிளைவுட் அடிச்சிடலாம்னார். அது தப்பான யோசனை இல்லை, டைலுக்கு அடியில ரெண்டாவது அடுக்கு நிறைய பேர் போடறதுதான். ஆனா கிச்சன் மட்டும் அரை இஞ்சு உயரும், ஹாலுக்குப் போற இடத்துல கால் தட்டும். இன்னொரு வழி, அடியில தவழ்ந்து போய் ஜாய்ஸ்டுக்கு நடுவுல குறுக்குக் கட்டைகள் அடைக்கிறது. செய்யலாம், ஆனா எவ்வளவு நெருக்கமா அடைச்சா போதும்னு எங்க யாருக்கும் தெரியாது.

இதுக்கு நடுவுல அக்கா அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுட்டா. எனக்கு உள்ளுக்குள்ள உதறல். அவர்தான் முதல்லயே பலகையை நம்பாதவர். ரேகை, தாள், குறுக்கு அடுக்குன்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். பாதியிலயே நிறுத்தினார். “இருலே. அப்போ அது கம்பி மாதிரிதானே? மேல உள்ள ரேகை மெயின் கம்பி, உள்ள குறுக்கப் போறது குறுக்குக் கம்பி. நீ மெயின் கம்பிய மாத்திக் கட்டிட்ட.”

மக்களே, நான் சிவில் படிக்கல, கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா அவர் சொன்னது அச்சு அசல். நம்ம ஊர் கூரைத்தளத்துல, ரெண்டு பக்கச் சுவருக்கு நடுவுல எது குறுகலான தூரமோ அந்தத் திசையிலதான் மெயின் கம்பி ஓடணும். மாத்திக் கட்டினா இரும்பு எடை அதேதான், பில் அதேதான், கான்கிரீட் போட்டு மூடிட்டா வெளியே தெரியாது. ஆனா தளம் தொய்யும். மூணு வாரமா சென்ட்ரிங் பலகைன்னு சொன்ன மனுஷனுக்கு அந்த ஷீட் அந்த நிமிஷம் புரிஞ்சுபோச்சு. அடுத்து அவர் கேட்டது, “ஆணியா, ஸ்க்ரூவா?” ஸ்க்ரூன்னு சொன்னேன். “அப்போ பிரிலே. இன்னைக்கே பிரி.”

ஒன்றரை நாள் ஆச்சு. ஆபீஸ்ல லீவு போட்டேன். ஸ்க்ரூ எல்லாம் கழட்டினோம், அது ஆணியா இருந்திருந்தா அழுதிருப்போம். சர்க்குலர் சா பிளேடை ஷீட் கனத்துக்கு மட்டும் இறக்கி வச்சு, ஜாய்ஸ்ட்ல படாம அதுக்கு நடு நடுவுல வெட்டி, பாளம் பாளமா எடுத்தோம். ஜாய்ஸ்ட் மேல ஒட்டின பட்டைகளைக் கடப்பாரை மாதிரி ஒரு தட்டைக் கம்பியால நெம்பினோம். குளிர்லயும் ஈரத்துலயும் க்ளூ முழுசா இறுகாதது எங்க அதிர்ஷ்டம். அப்படியும் சில இடத்துல தாள் பிய்ஞ்சு கட்டையோடயே நின்னுடுச்சு. அதை உளி வச்சு, ரசமட்டம் வச்சுப் பார்த்துப் பார்த்து சுரண்டணும். அக்கா என்கூட முட்டி போட்டு உக்காந்து சுரண்டினா. முதல் நாள் முழுக்க அதிகமாப் பேசல. ரெண்டாவது நாள் மதியம் புளியோதரை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினா, அப்போ சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

மூணு ஷீட் போச்சு. என் காசுல வாங்கினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புது ஷீட், நீளம் குறுக்கா, இணைப்பு மாத்தி, நடுவுல ஆணி நிறுத்தி, எல்லாம் ஒழுங்கா. புதன்கிழமை பெரியவர் வந்து கிச்சன் மூலையில நின்னு, குதிகாலால ரெண்டு தட்டு தட்டினார். பழசா வெட்டிப் போட்ட பாளங்களையும் பார்த்தார். ஒண்ணும் கேட்கல. போற போக்குல உளியை மட்டும் எடுத்துப் பார்த்து, முனை போயிடுச்சுன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தீட்டிக் கொண்டாந்து குடுத்தார்.

இதுல உங்களுக்கு என்ன இருக்குன்னு கேட்டா, சென்னையிலயோ கோவையிலயோ மர வீடு கட்டப்போறவங்க கம்மிதான். ஆனா வாடகை ஆபீஸ்லயும் கஃபேலயும் இரும்பு ஃபிரேம் போட்டு மேல பிளைவுட் அடிச்சு மெஸனைன் கட்டுறது இப்போ சகஜம். அடுத்த தடவை அப்படி ஒண்ணு போட்டா, ஷீட் நீளம் இரும்புக் குழாய்க்குக் குறுக்கா ஓடுதான்னு பாருங்க. வெட்டுக்கூலி மிச்சம்னு திருப்பிப் போட வாய்ப்பிருக்கு, நானே போட்டவன். பிளைவுட்ல ஐ.எஸ். 710-னு முத்திரை இருந்தா அது மரைன் கிரேடு, ஈரம் படற இடத்துக்கு அது. ஐ.எஸ். 4990-னா அப்பா சொன்ன அதே சென்ட்ரிங் ஷீட். கரையான் மருந்து அடிச்சதான்னு தனியா கேளுங்க.

கிச்சன் டைல் வேலை ஜனவரியில. அப்பாவுக்கு விசா வந்துடுச்சு, டைலை அவர்தான் போடுவேன்னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை தரை மேல நின்னு குதிச்சுப் பார்ப்பாராம். அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, டைப் பண்ணினதைப் படிக்க இப்போதைக்கு என் விரல் ஒத்துழைக்காது, ஸ்க்ரோல் பண்ணினாலே க்ளூ உரியுது.